பழைய டயரும் பள்ளி விளையாட்டுத் தரையும்: ஓர் எளிய விளக்கம்

பள்ளிச் சேர்க்கை நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் சேலத்துச் சாலைகளில் கட்டப்படும் விளம்பரத் தட்டிகளில் ஒரு படத்தை இப்போது அடிக்கடி காண முடிகிறது. சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒரு தரை, அதன்மேல் ஒரு சறுக்கு மரம், இரண்டு ஊஞ்சல்கள், அடியில் 'பாதுகாப்பான ரப்பர் தரை' என்ற வாசகம். அந்தத் தரையைப் பற்றிப் பெற்றோர் பேசிக்கொள்வதைக் கேட்டால் மூன்று கருத்துகள் காதில் விழும். பழைய டயரை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள் என்பார் ஒருவர். மெத்தை போல இருக்கிறது, பிள்ளை எங்கிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்பார் இன்னொருவர். டயர் என்றாலே விஷம், அதில் குழந்தையை உட்கார வைக்கலாமா என்பார் மூன்றாமவர். முதல் கருத்து தவறு. இரண்டாவது, ஆபத்தான தவறு. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. பள்ளிகள் லட்சக்கணக்கில் செலவழித்துப் போடும் ஒரு தரையைப் பற்றி இவ்வளவு மேலோட்டமாகப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால், அது எதனால் ஆனது, எப்படி வேலை செய்கிறது, எந்த அளவு வரை காக்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மாம்பழம் எங்கே விழுந்தால் உடைகிறது?

சேலத்துக்காரர்களுக்கு மாம்பழத்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரே மரத்தின் ஒரே கிளையிலிருந்து மூன்று மல்கோவாப் பழங்கள் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வரப்பில் கிடக்கும் பாறையில் விழுந்த பழம் பிளந்துவிடும். உழுதுபோட்ட புழுதி மண்ணில் விழுந்தது ஒரு பக்கம் கன்றிப்போகும். வைக்கோல் போரில் விழுந்ததற்கு ஒன்றும் ஆகாது. மூன்றும் ஒரே உயரத்திலிருந்து, ஒரே வேகத்தில்தான் விழுந்தன. பாறையில் விழுந்த பழம் தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. புழுதியில் விழுந்தது ஓரிரு விரற்கடை உள்ளே போய் நின்றது. வைக்கோலில் விழுந்தது ஒரு சாண் அமுங்கி நின்றது. தொட்ட கணத்துக்கும் முழுதாக நின்ற கணத்துக்கும் இடையே பழம் நகர்ந்த இந்தத் தொலைவை 'நிற்கும் தொலைவு' என்று அழைப்போம். கட்டுரை முழுவதற்கும் அடிப்படை இந்த ஒரு சொல்தான்.

கிரிக்கெட் பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் நிற்கும் தொலைவை நீட்டத்தான். தலைக்கவசத்தின் உள்ளே தெர்மாகோல் வைத்திருப்பதும் அதற்காகத்தான். வெளி ஓடு கெட்டியாக இருந்தால் மட்டும் போதும் என்றால் இரும்புச் சட்டியையே கவிழ்த்துக்கொள்ளலாம்.

இதை எண்ணில் பார்ப்பது நல்லது. 1.5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குழந்தை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வேகமாக மிதிக்கப்படும் சைக்கிளின் வேகம் அது. நிற்கும்போது உடல் சந்திக்கும் சராசரித் தடையின் கடுமையைக் கணக்கிட ஒரு சுலபமான வழி உண்டு: விழுந்த உயரத்தை நிற்கும் தொலைவால் வகுத்தால் போதும். சிமென்ட் தரையில் தலை 5 மில்லிமீட்டரில் நின்றுவிடுகிறது என்றால், 1,500-ஐ 5-ஆல் வகுக்க 300 வருகிறது. புவியீர்ப்பைப் போல 300 மடங்கு. தரை 30 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் அது 50 மடங்காகக் குறைகிறது. இந்த மடங்கை 'ஜி' என்ற எழுத்தால் குறிப்பார்கள். இவை சராசரிகள்; அடிபடும் அந்தக் கணத்தின் உச்ச அளவு இதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனாலும் வெறும் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு கட்டைவிரல் அகலம், 300-க்கும் 50-க்கும் இடையிலான வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறது.

இதுவரை பார்த்தது: விழும் வேகத்தைத் தரையால் குறைக்க முடியாது. நிற்கும் தொலைவை நீட்ட மட்டுமே அதனால் முடியும். ரப்பர் தரை செய்கிற வேலை முழுவதும் அதுவே.

வெல்லம் உருகும், இட்லி உருகாது

டயரை உருக்கி ஊற்றுகிறார்கள் என்ற நம்பிக்கை பிளாஸ்டிக்கைப் பார்த்து வந்தது. பிளாஸ்டிக் குடத்தை உருக்கி வேறொரு வாளி செய்யலாம். டயரில் அது நடக்காது.

ரப்பர் மரத்துப் பாலில் இருந்து கிடைக்கும் பச்சை ரப்பர், நீளநீளமான மூலக்கூறு இழைகளின் குவியல். இடியாப்பச் சிக்கல் போல அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கிடப்பதால், வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டறிந்து, 1844-இல் காப்புரிமை பெற்றார். கந்தகம் இழைக்கும் இழைக்கும் நடுவே முடிச்சுப் போட்டுவிடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் முடிச்சுகள் பழைய இடத்துக்கே இழுத்துவரும். இந்தச் செய்முறைக்கு 'வல்கனைசிங்' என்று பெயர். கொண்டலாம்பட்டியிலும் சீலநாயக்கன்பட்டியிலும் புறவழிச்சாலை ஓரத்துப் பஞ்சர் கடைப் பலகைகளில் நாம் அன்றாடம் படித்துக் கடந்துபோகும் அதே சொல்தான்.

வெல்லத்தைப் பாகாக்கி மறுபடி அச்சில் ஊற்றலாம். இட்லியை மறுபடி மாவாக்க முடியாது; வெந்தது வெந்ததுதான். வல்கனைசிங் ஆன டயரும் இட்லியைச் சேர்ந்தது. சூடேற்றினால் உருகுவதற்குப் பதிலாகக் கருகிப் புகையும். ஆனால் மிஞ்சிய இட்லியை நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? உதிர்த்து உப்புமா செய்கிறோம். டயருக்கும் அந்த வழிதான் உண்டு.

சேலம் மாவட்டத்தின் சங்ககிரி, லாரித் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அங்கே ஒரு லாரி டயரின் வாழ்க்கையை நேரில் பார்க்கலாம். புதியதாக ஓடித் தேய்ந்ததும் அதன் மேல்பட்டையை மட்டும் புதிதாக ஒட்டி, 'ரீபட்டன்' செய்து மறுபடி ஓட்டுவார்கள். உடம்பு தாங்கும் வரை அப்படி ஓடிய பிறகே அது கழிவாகிறது. பழைய டயருக்கு ரீபட்டனைக் காட்டிலும் சிறந்த மறுபயன்பாடு கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். டயர் டயராகவே இன்னொரு முறை உழைக்கிறது. அதற்கும் உதவாத டயர்களே துகளாக வேண்டியவை.

டயருக்குள் ரப்பர் மட்டும் இருப்பதில்லை. கருமை தருவதும் தேய்மானத்தைத் தாங்கச் செய்வதுமான கரித்தூள், எண்ணெய், துத்தநாக ஆக்சைடு, எஃகுக் கம்பி, நைலான் இழை எல்லாம் சேர்ந்ததுதான் டயர். முதலில் விளிம்பிலுள்ள கம்பி வளையத்தை உருவி எடுத்து, மீதியைத் துண்டுகளாக வெட்டி, படிப்படியாக அரைக்கிறார்கள். கம்பித் துணுக்குகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். இழைப் பஞ்சைக் காற்று ஊதித் தள்ளும். கடைசியில் சலித்துக் கிடைக்கும் துகள், சில மில்லிமீட்டர் அளவில், கடுகும் மிளகும் கலந்ததுபோல் இருக்கும். உள்ளங்கையில் கொட்டி மூடித் திறந்தால் ரேகைகளில் மெல்லிய கருமை படியும். பஞ்சர் கடை வாசனை அடிக்கும்.

இந்தத் துகளைத் தரையாக்குவது கடலை உருண்டை பிடிப்பதைப் போன்றது. கடலையின் இடத்தில் ரப்பர் துகள். வெல்லப்பாகின் இடத்தில் பாலியூரித்தேன் என்ற பசை. துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இந்தப் பசையை 'பிணைப்பான்' என்போம். இரண்டையும் கலந்து தரையில் பரப்பிக் கரணையால் நிரவுவார்கள். பிணைப்பான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும். கடலைக்கும் கடலைக்கும் நடுவே இருக்கும் சந்துபோலத் துகள்களுக்கு நடுவிலும் காற்றிடம் இருக்கிறது. தரை அமுங்க இடம் கொடுப்பதும், மழைநீர் கீழே இறங்க வழிவிடுவதும் அந்தக் காற்றிடமே. ஆகையால் பிணைப்பானை அதிகமாக ஊற்றிச் சந்தை அடைத்தாலும் கெடுதல். குறைத்து ஊற்றித் துகள் உதிர்ந்தாலும் கெடுதல்.

ஒரு செய்தி பலரை வியக்க வைக்கும். கண்ணுக்குத் தெரியும் வண்ண அடுக்கு பெரும்பாலும் பழைய டயரால் ஆனது அன்று. அது ஈ.பி.டி.எம். எனப்படும், நிறம் கலந்து செய்த புதிய செயற்கை ரப்பர். மேலே மெல்லிய பூச்சாக மட்டும் போடப்படுவது. விழும் குழந்தையைத் தாங்குவது அதன் அடியில் மறைந்திருக்கும் கறுப்பு அடுக்கு. பழைய டயர் இருப்பது அங்கேதான். இரண்டையும் ஆலையிலேயே அழுத்தி ஓடுகளாக்கிக் கொண்டுவந்து பதிப்பதும் உண்டு.

சுருக்கமாக, டயர் உருக்கப்படுவதில்லை, உதிர்த்து ஒட்டப்படுகிறது. காப்பது மேலேயுள்ள வண்ணம் அன்று, கீழேயுள்ள கறுப்பு அடுக்கின் கனம்.

எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு கனம்?

இரண்டாவது கருத்தை ஆபத்தான தவறு என்று சொன்னதற்குக் காரணம் இந்தப் பகுதியில் இருக்கிறது. காலால் மிதித்துப் பார்த்து மெத்தென்று இருந்தால் பாதுகாப்பு என்று முடிவுசெய்கிறோம். மிதிக்கும் கால் மெதுவாகவே அழுத்துகிறது. விழும் தலையோ மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. மெல்லிய தரை முதல் சில மில்லிமீட்டர் மென்மையாக அமுங்கிவிட்டு, அதன் பிறகு அமுங்க இடமில்லாமல் அடியிலுள்ள சிமென்டைப் போலவே நடந்துகொள்ளும். கோரைப்பாயில் உட்காரும்போது சுகமாக இருக்கிறது என்பதற்காகப் பரணிலிருந்து அதன்மேல் குதிக்க முடியாது.

சேலம் நகரில் நான் பார்த்த ஒரு பள்ளியில் ரப்பர் ஓடு ஒன்றின் மூலை பெயர்ந்து தூக்கிக்கொண்டு நின்றது. அங்கிருந்த மாணவியின் அளவுகோலை வாங்கி அந்த விளிம்பில் வைத்தேன். சரியாக 2 சென்டிமீட்டர். அதன் அடியில் சிமென்ட். பக்கத்திலிருந்த சறுக்கு மரத்தின் மேல்தட்டு என் தோளுக்கு மேலே இருந்தது. அந்தப் பள்ளியின் நிர்வாகத்தினர் குழந்தைகள்மேல் அக்கறை கொண்டவர்கள். நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பியே பணம் போட்டிருந்தார்கள். எத்தனை உயரத்துக்கு இந்தத் தரை என்று கேட்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சோதனை முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. ஏறத்தாழ 4.6 கிலோ எடையுள்ள, தலையைப் போன்ற அரைக்கோள உலோகக் கட்டிக்குள் அதிர்வை அளக்கும் கருவியைப் பொருத்தி, வெவ்வேறு உயரங்களிலிருந்து தரையில் விழவிடுவார்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப்1292, ஐரோப்பாவின் இ.என். 1177 ஆகிய தரநிலைகள் இந்த முறையைத்தான் வகுத்துள்ளன. இரண்டிலும் இரண்டு எல்லைகள் உண்டு. உச்ச அதிர்ச்சி 200 ஜி-யைத் தாண்டக் கூடாது. அதிர்ச்சி எவ்வளவு கடுமை, எவ்வளவு நேரம் நீடித்தது என்ற இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் எண்ணுக்குத் 'தலைக்காய அளவை' என்று பெயர். அது 1,000-ஐத் தாண்டக் கூடாது. இந்த எல்லைகளுக்குள் தரை தாக்குப்பிடிக்கும் மிகக் கூடுதலான உயரமே அந்தத் தரையின் 'விழும் உயர வரம்பு'. விளையாட்டுக் கருவியில் குழந்தை ஏறி நிற்கக்கூடிய உயரம் அந்த வரம்பைவிடக் கூடுதலாக இருந்தால், தரை எத்தனை அழகாக இருந்தாலும் அந்தக் கருவிக்கு அது போதாது.

1,000 என்ற எண்ணைக் காயமே படாத கோடு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. உயிருக்கு ஆபத்தான தலைக்காயத்தின் வாய்ப்பைக் குறைப்பதற்கு வைத்த எல்லை அது. கையை ஊன்றி விழுந்து முன்கை எலும்பு முறிவதை இந்தச் சோதனை அளப்பதே இல்லை. நல்ல ரப்பர் தரையிலும் கை முறியலாம்; அதற்காகத் தரையைக் குறைசொல்ல முடியாது.

ரப்பர் துகளை ஒட்டாமல் உதிரியாகவே கொட்டிப் பரப்பும் முறையும் இருக்கிறது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பொது விளையாட்டுத்திடல் கையேடு, அமுங்கிய நிலையில் 15 சென்டிமீட்டர் உதிரி ரப்பர் 3 மீட்டர் உயரம் வரைக்கும், 23 சென்டிமீட்டர் மணல் 1.2 மீட்டர் உயரம் வரைக்கும் போதும் என்கிறது. ஆகவே ரப்பர் ஒன்றே வழி என்று எண்ணிவிட வேண்டாம். தாழ்வான ஊஞ்சலும் சிறு சறுக்கு மரமும் மட்டும் இருக்கும் பள்ளிக்கு, ஆழமாகக் கொட்டி வாரந்தோறும் கிளறிவிடும் ஆற்றுமணல் போதும். எம்-சாண்ட் அதற்கு ஆகாது. அதன் துகள் உருண்டையாக இல்லாமல் கூர்முனையோடு இருப்பதாலும், நுண்தூள் கலந்திருப்பதாலும், மழை பட்டுக் காய்ந்ததும் இறுகிப்போகும்.

இந்தப் பகுதியின் சாரம்: தரையைப் பற்றிக் கேட்க வேண்டியது மென்மையை அன்று, உயரத்தை. கருவியின் உயரம் ஒரு கையில், தரையின் விழும் உயர வரம்பு மறு கையில்.

சேலத்து வெயில், ஏற்காட்டு மழை

ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தட்பவெப்பம் நமக்கு. நகரில் கோடையில் 40 டிகிரியைத் தொடும் வெயில். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு, அங்கே மூடுபனியும் மழையும். ஒரே தரை இரண்டு இடத்துக்கும் ஒத்துவராது.

நகரத்தின் முதல் கவலை சூடு. நேர் வெயிலில் கிடக்கும் கருநிற ரப்பர், காற்றின் வெப்பத்தைவிட மிகக் கூடுதலாகச் சூடேறி 60 டிகிரியையும் தாண்டிவிடும். சின்னக் குழந்தையின் மென்மையான உள்ளங்கால் கொப்புளிக்க அது போதும். ஆகவே இங்கே வெளிர் நிற மேலடுக்கும் நிழலும் கட்டாயத் தேவை. வேம்போ புங்கனோ வளர்ந்து நிழல் தரும் வரை நிழல்வலையாவது கட்ட வேண்டும். மதியம் மூன்று மணிக்கு ஆசிரியர் ஒருவர் தன் புறங்கையைத் தரையில் பத்து நொடி வைத்துப் பார்த்து, தாங்க முடிந்தால் மட்டும் பிள்ளைகளை விட வேண்டும். செருப்பில்லாமல் விளையாடும் பழக்கம் உள்ள நம் பள்ளிகளில் இதை நான் அடித்துச் சொல்வேன்.

மலைமேல் கவலை நீர். அடித்தளம் சரிவோடும் வடிகாலோடும் அமையாவிட்டால், துகள்களின் சந்து வழியே இறங்கிய நீர் கீழே தேங்கி, ஒட்டு விட்டு, ஓடு புடைக்கும். மர நிழலில் நாளெல்லாம் ஈரமாகவே கிடக்கும் இடத்தில் பாசி பிடித்து வழுக்கும். தேய்த்துக் கழுவ ஆள் வேண்டும். ஊற்றும் தரை என்றால் மழை இல்லாத நாட்களில்தான் வேலை நடக்க வேண்டும். ஏனெனில் பிணைப்பான் காற்றின் ஈரத்தில் இறுகினாலும், இறுகும் முன் அதன்மேல் மழை பெய்தால் நுரைத்துப் பலவீனப்படும்.

டயரில் விஷம் இருக்கிறதா?

இருக்கிறது என்பதுதான் நேர்மையான விடை. எந்த அளவு உடலுக்குள் போகிறது என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. டயரின் எண்ணெயிலும் கரித்தூளிலும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற சேர்மங்கள் உள்ளன. விறகுப் புகையிலும் வண்டிப் புகையிலும் இருப்பவை, அவற்றுள் சில புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் கொண்டுவந்து 2022 ஆகஸ்ட் முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, விளையாட்டுத்திடலில் உதிரியாகப் போடும் ரப்பர் துகளில் இவ்வகைச் சேர்மங்கள் எட்டின் மொத்த அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, செயற்கைப் புல்தரைகளில் கொட்டப்படும் டயர் துகளை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், துகளில் வேதிப்பொருள்கள் இருந்தாலும் மனித உடலுக்குள் செல்லும் அளவு குறைவாகவே தெரிகிறது என்று கூறியது.

இன்னொரு கண்டுபிடிப்பையும் மறைக்கக் கூடாது. டயரின் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உண்டாக்கும் ஒரு சேர்மம், அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் தெரியவந்தது. அங்கே காரணம் சாலையில் தேயும் டயர்கள். ஆனாலும் உதிரித் துகள் மழைநீரோடு ஓடைக்கும் ஏரிக்கும் அடித்துச் செல்லப்படும்படி ஒரு விளையாட்டுத்திடலை, அதுவும் மலைச்சரிவில், அமைப்பது சரியன்று.

இவற்றையெல்லாம் எடைபோட்டு நான் வந்து நிற்கும் முடிவு இது. கையில் அகப்பட்டதை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் உதிரித் துகள் வேண்டாம். பிணைத்து, மேலே புதிய ரப்பர் அடுக்குப் போட்ட தரையே வேண்டும். துகளின் வேதிச் சோதனை அறிக்கையைப் பள்ளி கேட்டு வாங்க வேண்டும். விளையாடிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இவ்வளவும் செய்தால், சிமென்டில் தலை மோதும் ஆபத்தைவிட இந்தத் தரையின் ஆபத்து மிகச் சிறியது என்பது என் துணிபு.

டயர் வேறெங்கே போகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் கிடக்கும் டயரில் மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். போகியன்று எரித்தால் தெருவே மூச்சுத் திணறும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் அது முழுதாக நிற்கவில்லை. 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் விதிகள், டயர் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் தங்கள் பங்குக்கான கழிவு டயர் மறுசுழற்சி ஆவதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. விளையாட்டுத் தரை அந்தக் கடலில் ஒரு துளி. சாலை போடும் தாரில் கலப்பது போன்ற வழிகளுக்கே பெரும் அளவு தேவைப்படுகிறது. எனவே சுற்றுச்சூழலுக்காகத்தான் ரப்பர் தரை போட்டோம் என்று ஒரு பள்ளி சொன்னால், அதைப் பின்னால் வைத்துக்கொண்டு, விழும் உயர வரம்பை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

பள்ளி முழுவதும் போட வேண்டுமா?

தேவையில்லை. ஓடவும் கபடி ஆடவும் செம்மண் திடலே மேல். கருவிகளின் அடியிலும், அவற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் 1.8 மீட்டர் அகலத்துக்கும் போட்டால் போதும். ஊஞ்சலுக்கு மட்டும் முன்னும் பின்னும், ஊஞ்சல் தொங்கும் மேல்கம்பியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் வேண்டும், ஏனென்றால் ஆடும் வேகத்தில் பிள்ளை குதித்துவிடும். இடம் குறைவதால் மிச்சமாகும் பணத்தைக் கனத்தில் போடலாம். அதே தொகைக்குப் பரப்பைச் சுருக்கிக் கனத்தைக் கூட்டுவது எப்போதும் நல்ல பேரம்.

வேலை தொடங்கும் நாளில் ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது போதும். துகள் மூட்டையைப் பிரித்ததும் அதை உள்ளே விட்டுத் துழாவினால், காந்தம் சுத்தமாக வெளியே வர வேண்டும். மயிர்போன்ற எஃகுக் கம்பிகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். குழந்தையின் பாதத்தில் ஏறிய அந்தக் கம்பியை எடுப்பது முள் எடுப்பதைவிடக் கடினம். கறுப்பு அடுக்கை நிரவியதும், வண்ண அடுக்குப் போடும் முன், நான்கைந்து இடங்களில் ஓர் ஆணியைக் குத்திக் கனத்தை அளந்து எழுதி வையுங்கள். மூடியபின் அதை யாராலும் பார்க்க முடியாது.

தரை எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஊஞ்சலின் நேர் கீழே, பிள்ளைகள் காலைத் தேய்த்து நிறுத்தும் இடம் முதலில் போகும். அடுத்தது சறுக்கு மரம் முடியும் இடம். அவர்கள் மிக அதிகமாக விழும் இடங்களும் அவைதாம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்த இரண்டு இடத்தையும் குனிந்து பாருங்கள். வண்ணம் தேய்ந்து கறுப்பு தெரிந்தால், பள்ளத்தைத் துகளும் பிணைப்பானும் இட்டு நிரப்பி, அது இறுகும் வரை அந்த ஊஞ்சலின் சங்கிலியைச் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும்.